லண்டன் படிப்பும் 44 வார வாடகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் படிப்பது குறித்து உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையில் பல்கலைக்கழகத் தேர்வு, ஐஇஎல்டிஎஸ், கல்விக் கடன், விசா எல்லாம் விரிவாக இருந்தன. தங்குமிடத்துக்கு மட்டும் ‘பல்கலைக்கழக விடுதியிலோ வெளியில் அறை எடுத்தோ தங்கிக்கொள்ளலாம்’ என்று ஒரே வரி. லண்டனைப் பொறுத்தவரை கல்விக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவு அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. இங்கே மாணவர்களின் வாடகை ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அதனால் விடுபட்டதை எழுதுகிறோம்.

ஊரிலிருந்து அறை தேடும் பிள்ளைகள் முதலில் படத்தைப் பார்க்கிறார்கள், பிறகு வாடகையை, பிறகு தூரத்தை. ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் அன்றுதான் பார்க்கிறார்கள், அதுவும் சிலர். இந்த வரிசை அப்படியே தலைகீழாக வேண்டும். வளாகம் எங்கே இருக்கிறது, படிப்பு எந்தத் தேதியில் முடிகிறது, என்ன வகை ஒப்பந்தம் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் அறைக்கு வர வேண்டும்.

சேர்க்கைக் கடிதத்தில் ‘லண்டன்’ என்று இருப்பது மட்டும் போதாது. ராயல் ஹாலோவே லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிதான். ஆனால் அதன் முதன்மை வளாகம் நகருக்கு வெளியே, சர்ரேயில் உள்ள எகாமில் இருக்கிறது. ப்ரூனல் பல்கலைக்கழகம் மேற்குக் கோடியில் அக்ஸ்பிரிட்ஜில், ஆறாவது போக்குவரத்துக் கட்டண மண்டலத்தில் (நகர மையம்தான் முதல் மண்டலம்). மிடில்செக்ஸ் வடக்கே ஹெண்டனில். ஈஸ்ட் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒன்றும் டாக்லண்ட்ஸில் ஒன்றுமாக வளாகங்கள். வேறு நகரத்துப் பல்கலைக்கழகங்கள் பல லண்டனில் கிளை நடத்துகின்றன. கடிதத்தின் தலைப்பில் இருப்பது ஒரு ஊர், வகுப்பு நடப்பது வேறொரு ஊர். பாடப்பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வகுப்புகள் நடக்கும் கட்டடத்தின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

தமிழர்கள் அதிகம் என்பதால் எங்கே படித்தாலும் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் அறை பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த் தெருவில் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் கிடைக்கும், மகாலட்சுமி கோயில் நடக்கும் தூரம், பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயில். எல்லாம் சரி. மைல் எண்டில் உள்ள குயின் மேரி பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு ஈஸ்ட் ஹாம் அருமையான இடம். டிஸ்ட்ரிக்ட் லைன் பாதாள ரயிலில் ஆறாவது நிறுத்தம், ரயில் மாற வேண்டாம். அதே ஈஸ்ட் ஹாமிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் போகச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும், ஒரு வழிக்கு மட்டும். ப்ரூனல் மாணவர் ஹேய்ஸ், சவுத்ஹால் பக்கம் பார்க்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஹாரோ வளாகத்துக்கு வெம்பிளி, ஆல்பர்ட்டன், ஹாரோ. டூட்டிங்கில் உள்ள மருத்துவ வளாகத்துக்கு டூட்டிங்கே. இங்கெல்லாம் நம் கடைகளுக்குக் குறைவில்லை.

பயணச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் வாடகையை ஒப்பிடுவது வீண் வேலை. ஆய்ஸ்டர் என்பது லண்டன் ரயிலிலும் பேருந்திலும் தொட்டுப் பயணிக்கும் அட்டை. 18 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கான ஆய்ஸ்டரில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் அது வாரப் பாஸ், மாதப் பாஸ், அதற்கு மேற்பட்ட பாஸ்களுக்கு மட்டும்தான். அன்றன்றைக்குத் தொட்டுவிட்டுப் போகும் பயணத்துக்கு இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வகுப்பு இருப்பவருக்குப் பாஸ் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அவர் ‘16-25 ரயில் கார்டு’ என்ற தள்ளுபடி அட்டையை வாங்கி, நிலைய ஊழியரிடம் சொல்லி ஆய்ஸ்டரோடு இணைத்துக்கொண்டால், நெரிசல் இல்லாத நேரப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பெயர் அப்படி இருந்தாலும் 26 வயதைத் தாண்டிய முழுநேர மாணவருக்கும் அந்தக் கார்டு கிடைக்கும். நெரிசல் நேரம் என்பது வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 7 வரை. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே கட்டணம் என்பதால், வளாகத்துக்குப் பேருந்தில் போகக்கூடிய அறை சற்றுக் கூடுதல் வாடகையானாலும் மொத்தத்தில் மலிவாக முடியும்.

இரவு நேரத்தையும் யோசியுங்கள். மாணவர் விசாவில் பட்டப் படிப்பு படிப்பவர் வகுப்பு நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். உணவகம், கடை என்றால் வேலை முடிய நள்ளிரவு ஆகலாம். இரவு முழுவதும் ஓடும் பாதாள ரயில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடிலி, விக்டோரியா ஆகிய ஐந்து தடங்களில்தான். ஈஸ்ட் ஹாம் வழியாகப் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் அதில் இல்லை. இரவுப் பேருந்து வரும், நேரம் பிடிக்கும்.

இனி தேதிகள். லண்டன் விடுதிகளில் வாடகை வாரக் கணக்கு. மாதத்துக்கு நான்கு வாரம் என்று பெருக்கினால் கணக்கு உதைக்கும். வாரம் 200 பவுண்டு என்றால் மாதம் 800 இல்லை. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும், 866 பவுண்டு 67 பென்ஸ். அதைவிட முக்கியமானது ஒப்பந்தம் எத்தனை வாரத்துக்கு என்பது. வாரம் 200க்கு 51 வார ஒப்பந்தம் 10,200 பவுண்டு. வாரம் 215க்கு 44 வாரம் 9,460. விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிந்த அறைக்கு 740 பவுண்டு அதிகம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் குறைந்த வாரங்களே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் வருவது ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு. வகுப்பும் தேர்வும் மே, ஜூனில் முடிந்துவிடும். ஆய்வறிக்கை கொடுப்பது ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில். இளநிலை மாணவர்களின் கல்வியாண்டை வைத்துப் போட்ட 40 வார ஒப்பந்தம் ஜூனிலேயே முடிந்துவிடும். ஆய்வறிக்கை எழுத வேண்டிய மூன்று மாதமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பர்களின் அறைகளில் படுத்துக் கிடக்கும் நிலை அதனால்தான் வருகிறது. கோடை நீட்டிப்பு உண்டா, அதே அறையா, எந்த மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்று கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஜனவரிச் சேர்க்கைக்கு இன்னொரு தொல்லை. தனியார் விடுதிகளின் ஒப்பந்த ஆண்டு கோடை இறுதியில் முடியும். ஜனவரியில் எடுத்த அறையை ஆகஸ்டில் காலி செய்யச் சொல்வார்கள், படிப்போ நடுவில் நிற்கும்.

இப்போது ஒப்பந்த வகைகள். பல்கலைக்கழக விடுதியை முதலில் வைக்கிறோம். தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் வாடகையிலேயே அடங்கும். ஏதாவது ஆனால் புகார் சொல்ல ஒரு மேசை இருக்கும். வீட்டுக்காரரிடம் விசா நிலையை நிரூபிக்கும் சோதனையும் இங்கே தேவைப்படாது. பல்கலைக்கழகத்திடமே விடுதிக்குக் கட்டிய தொகையில் ஒரு பகுதியை, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் முதல் லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்டு காட்ட வேண்டும் என்ற நிலையில் அது சிறிய சலுகை இல்லை. தனியார் விடுதிக்குக் கட்டிய பணத்துக்கு அந்தக் கழிவு கிடையாது. குறை என்னவென்றால், முதலாண்டு இளநிலை மாணவருக்கு இடம் உறுதி என்று சொல்லும் பல பல்கலைக்கழகங்கள் முதுநிலைக்கு அப்படிச் சொல்வதில்லை. எனவே விண்ணப்பம் திறந்த வாரமே போட வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளில் படிப்பவர்கள் ப்ளூம்ஸ்பரி பக்கமுள்ள அதன் பொது விடுதிகளுக்கும் தனியே விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை. ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் உள்ள இந்தியன் ஒய்எம்சிஏ 1920ஆம் ஆண்டிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இடம் கொடுத்துவருகிறது. அறை முடிவாகாமல் வருபவர் முதல் சில வாரங்களுக்கு அங்கே விசாரிக்கலாம்.

அடுத்து தனியார் மாணவர் விடுதிகள். படங்களில் ஜிம்மும் சினிமா அறையும் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ரத்துக்கான பிரிவை. ‘விசா இல்லையேல் கட்டணம் இல்லை’, ‘(பல்கலைக்கழகத்தில்) இடம் இல்லையேல் கட்டணம் இல்லை’ என்ற இரண்டு உறுதிகள் உண்டா, உண்டென்றால் மறுப்புக் கடிதத்தை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று படியுங்கள். விசா மறுக்கப்படுவது வேறு, தாமதமாவது வேறு, நீங்களாகவே படிப்பை அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போடுவது வேறு. கடைசி இரண்டுக்கும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பணம் திரும்பாது. அந்தப் பிரிவைப் படிக்காமல் விட்டவர்களின் வீட்டுக்கு, அவர்கள் ஊரிலேயே இருக்கும்போது, முழு ஆண்டு வாடகை கேட்டுக் கடிதம் வருகிறது. ஒப்பந்தம் முடியும் முன் வெளியேற நினைத்தாலும் பதிலாள் ஒருவரை நீங்களே கண்டுபிடித்துத் தர வேண்டும். அவரும் மாணவராக இருக்க வேண்டும். அந்த விடுதி, மாணவர் விடுதி நடத்துபவர்களுக்காக அரசு ஏற்றுக்கொண்ட ஆனக்-யுனிபோல் நடத்தை விதிகளில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியல் இணையத்தில் இருக்கிறது.

மூன்றாவது, நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுப்பது. இதில்தான் சட்டம் அண்மையில் பெரிதாக மாறியிருக்கிறது, பழைய அனுபவசாலிகளின் ஆலோசனை இப்போது பொருந்தாது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் சாதாரணத் தனியார் வாடகைக்கு ‘ஓராண்டு கட்டாயம்’ என்ற கெடு கிடையாது. இரண்டு மாத அறிவிப்பு கொடுத்துவிட்டு வெளியேறலாம். விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்கக்கூடாது. பிரிட்டனில் ஜாமீன்தாரர் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் ஆறு மாத, ஓராண்டு வாடகையை மொத்தமாக வாங்கும் வழக்கமும் முடிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. நடத்தை விதிகளில் சேர்ந்த மாணவர் விடுதிகளுக்கு இவை பொருந்தாது, அங்கே பழைய கெடு ஒப்பந்தமேதான்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முன்வாடகை வாங்க முடியாத வீட்டுக்காரர் ஜாமீன்தாரரைத்தான் இறுக்கிப் பிடிப்பார். ஜாமீன்தாரர் பிரிட்டனில் வசித்து, சம்பளம் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். சொந்தக்காரர் யாரையாவது கேட்கும் முன், ஜாமீன் எதற்கு என்று படியுங்கள். நால்வர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் நால்வரின் வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒருவர் ஓடிப்போனால் அவர் பங்கும் உங்கள் மாமாவின் தலையில் விழலாம். ‘இந்த மாணவரின் பங்குக்கு மட்டும்’ என்று ஜாமீன் பத்திரத்தில் திருத்தச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தாங்களே ஜாமீன் நிற்கின்றன. கட்டணம் வாங்கி ஜாமீன் தரும் நிறுவனங்களிடம் போகும் முன் அதை விசாரியுங்கள். இன்னொன்று, ஒரே ஒப்பந்தமாக இருந்தால் நால்வரில் ஒருவர் கொடுக்கும் காலி அறிவிப்பே எல்லாருடைய வாடகை உரிமையையும் முடித்துவிடும். அறை அறையாகத் தனி ஒப்பந்தம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மாணவர்களே பகிரும் வீடாக இருந்தால், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்கும் வீட்டுக்காரர் ஜூன் 1க்கும் செப்டம்பர் 30க்கும் இடையில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம், நான்கு மாத அறிவிப்போடு. ஆய்வறிக்கை மாதங்கள் மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கின்றன.

முன்பணம் விஷயத்தில் சென்னையின் பத்து மாத அட்வான்ஸை மனதில் வைத்து யாரும் ஏமாற வேண்டாம். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு அதிகபட்ச டெபாசிட் ஐந்து வார வாடகை. அறையைப் பிடித்துவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. பார்வையிடக் கட்டணம், ஆவணக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் எல்லாமே 2019 ஜூன் முதல் தடை. டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ் என்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, உங்களுக்குச் சான்று தர வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் அபராதமாக வாங்கித் தரும். சான்று வரவில்லை என்றால் மூன்று திட்டங்களின் இணையதளங்களிலும் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் சமையலறை, குளியலறையைப் பகிர்ந்தால் அந்த வீட்டுக்கு நகராட்சி உரிமம் கட்டாயம். லண்டனில் பல நகராட்சிகள் மூன்று, நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கே உரிமம் கேட்கின்றன. ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் 2013லேயே தனியார் வாடகை வீடுகளுக்குப் பரவலாக உரிமம் கொண்டுவந்த நகராட்சி. உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலை யாரும் பார்க்கலாம். படுக்கையறை ஒருவருக்குக் குறைந்தது 6.51 சதுர மீட்டர், நம் கணக்கில் 70 சதுர அடி. இருவருக்கு 10.22, அதாவது 110 சதுர அடி. கதவின் பின்னால் கட்டிலும், கட்டிலின் மேல் பெட்டியும் வைத்து எடுத்த படத்தைக் கண்டால் அளவு கேளுங்கள்.

நான்காவது, தமிழ்க் குடும்பத்தின் வீட்டிலேயே ஒரு அறை. வீட்டுச் சாப்பாடு வாசனை, மொழி, பாதுகாப்பு எல்லாம் உண்டு. முதல் ஆண்டுக்கு நல்ல ஏற்பாடாகவும் அமையலாம். ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்துச் சமையலறையைப் பகிர்ந்தால் சட்டப்படி உங்கள் பாதுகாப்பு மிகக் குறைவு. டெபாசிட்டைத் திட்டத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும், நீதிமன்றம் போகாமலே உங்களை வெளியேறச் சொல்லலாம். அதனால் வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் வாடகை, அறிவிப்புக் காலம், எந்த நேரத்தில் சமைக்கலாம், அசைவம் சமைக்கலாமா, நண்பர் வந்து தங்கலாமா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘எழுதினால் வரி வரும்’ என்பார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் அறை விட்டு ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரியில்லாமல் சம்பாதிக்க இங்கே தனித் திட்டமே இருக்கிறது. தனியாக ஒருவர் வாங்கினால் அந்த வரம்புக்குள் மாதம் 625 பவுண்டு வாடகை அடங்கும். ஆக, எழுத மறுப்பவருக்கு வேறு காரணம் இருக்கிறது. அது நகராட்சி அவருக்கு வாடகைக்குக் கொடுத்த வீடாக இருக்கலாம். நகராட்சி வீட்டை அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது ஒப்பந்த மீறல், பிடிபட்டால் நீங்களும் தெருவில்தான்.

கடைசி வகை, ‘பெட் ஸ்பேஸ்’. அறைக்குள் இரண்டு மூன்று கட்டில், பணம் கையில், ரசீது கிடையாது. கடன் தவணை நெருக்கும்போது யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது என்பது உண்மை. அங்கே போகத்தான் வேண்டுமென்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முகவரியை வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கலாமா? ‘கடிதம் எதுவும் இங்கே வரக்கூடாது’ என்று பதில் வந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். வங்கிக் கணக்கு திறக்க முகவரி வேண்டும். விசா நிபந்தனைப்படி நீங்கள் உண்மையில் வசிக்கும் முகவரி பல்கலைக்கழகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பொய் முகவரி கொடுத்தால் அறைப் பிரச்சினை விசாப் பிரச்சினையாக வளர்ந்துவிடும்.

மோசடி பற்றி எச்சரிக்காதவர் இல்லை. எப்படிச் சோதிப்பது என்று சொல்பவர்தான் குறைவு. முதல் மண்டலத்தில் தனி அறை, எல்லாச் செலவும் சேர்த்து நம்ப முடியாத வாடகை, உரிமையாளர் வேலை நிமித்தம் வேறு நாட்டில், சாவி கூரியரில் வரும் என்று விளம்பரம் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். சந்தேகமாக மட்டும் இருந்தால் நேரலை வீடியோ அழைப்பு கேளுங்கள். பதிவுசெய்து அனுப்பும் வீடியோ வேண்டாம். அழைப்பை அறையிலிருந்து தொடங்கவிடாதீர்கள். தெருமுனையில் தொடங்கச் சொல்லுங்கள். லண்டன் தெருப் பெயர்ப் பலகையில் நகராட்சியின் பெயரும் பெரும்பாலும் ‘இ6’ போல அஞ்சல் வட்டமும் இருக்கும். அதைக் காட்டிவிட்டு, நடந்து வந்து, கதவு எண்ணைக் காட்டி, தன் சாவியால் திறந்து உள்ளே போகட்டும். பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், அலமாரிக்குப் பின்னால் சுவரைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாற்றுக்காரர் தெருமுனையிலேயே அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

அடுத்து நிலப் பதிவகத்தின் அரசு இணையதளத்தில் 7 பவுண்டு கட்டினால் அந்த முகவரியின் உரிமையாளர் பெயர் வரும். ஒப்பந்தத்தில் உள்ள பெயரோடு அது பொருந்தாவிட்டால் காரணம் கேளுங்கள். முகவர் என்றால் அவர் ஏதாவது குறைதீர்ப்பு அமைப்பில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். தண்டனை பெற்ற வீட்டுக்காரர்கள், முகவர்களின் பட்டியலை லண்டன் மேயர் அலுவலகம் தன் தளத்தில் வைத்திருக்கிறது, அங்கேயும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். இந்தச் சோதனை எதுவும் முடியாமல் ஊரிலிருந்து பணம் அனுப்பாதீர்கள். தனியார் வீட்டைப் பொறுத்தவரை எங்கள் கருத்து இன்னும் கடுமையானது: வந்து இறங்கி, நேரில் பார்த்து எடுங்கள். உங்கள் மின்-விசாவின் பகிர்வு எண்ணை (ஷேர் கோட்) வைத்துக் குடியிருக்கும் உரிமையை வீட்டுக்காரர் சரிபார்க்க வேண்டியிருப்பதால், ஊரிலிருந்தே முழுமையாக முடிக்க அது வசதியான வேலையும் இல்லை.

நேரில் பார்க்கப் போகும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள். லண்டன் வீடுகளின் நிரந்தர வியாதி பூஞ்சை. வடக்குச் சுவரில், ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் ஓரத்தில், கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகத் தொடங்கும். குளிர்ந்த சுவரில் ஈரக்காற்று பட்டு நீராகப் படிவதுதான் காரணம். அறைக்குள் துணி காயப்போட்டு, மூடி இல்லாமல் சோறு வடித்து, ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் நாமே வளர்ப்போம். புதிதாக ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சூடேற்றுவது எரிவாயு பாய்லரா, மின்சார ஹீட்டரா என்பதும் செலவைத் தீர்மானிக்கும். அலகுக்கு அலகு மின்சாரம் எரிவாயுவைப் போலச் சுமார் நான்கு மடங்கு விலை. ‘பில் உட்பட’ என்றால் மாதத்துக்கு எத்தனை பவுண்டு வரை என்ற உச்சவரம்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். எரிவாயுச் சான்று ஆண்டுதோறும், மின் இணைப்புச் சான்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டின் நகலையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சமையல் செய்பவர் ‘ஸ்டூடியோ’ அறையை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். பொதுச் சமையலறையில் தீ எச்சரிக்கைக்கு இருப்பது பெரும்பாலும் வெப்பத்தை உணரும் கருவி. ஸ்டூடியோவில் அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில். கூரையில் புகை உணரும் கருவி. காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் விழுந்த மறுநிமிடம் அலறும், சில கட்டடங்களில் மாடி முழுவதும் வெளியே வந்து நிற்கும். கருவியின் மேல் பாலித்தீன் பையைக் கட்டி அபராதம் வாங்கியவர்கள் உண்டு. உறிஞ்சு விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது வகையில் தாளிப்பு நடக்காது. அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவரும் அலுமினியக் கடாய் சூடாகாது. அறைக்குள் ரைஸ் குக்கரும் தனி ஹீட்டரும் வைக்கப் பெரும்பாலான விடுதிகள் விடுவதில்லை. மிக்ஸி ஓடும், மின்னழுத்தம் ஒன்றுதான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். இட்லி மாவு டிசம்பரில் பொங்குவது ரேடியேட்டரின் கருணையில்.

கவுன்சில் வரி, அதாவது வீட்டில் குடியிருப்பவர் நகராட்சிக்குக் கட்டும் வரி பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் வரி இல்லை. பல்கலைக்கழகத்திடம் சான்று வாங்கி நகராட்சிக்கு அனுப்பினால் போதும். ஒரே ஒருவர் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் வீட்டுக்கு வரி வந்துவிடும், 25 சதவீதத் தள்ளுபடியோடு. சட்டப்படி அதைக் கட்ட வேண்டியவர் அந்த ஒருவர்தான். ஆனால் கடைசியில் ‘எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்’ என்றுதான் முடியும். படிப்பு முடிந்த மறுநாள் நீங்களும் அந்த ஒருவராகிவிடுவீர்கள்.

சாவி கையில் வந்த அன்றே, பெட்டியைத் திறக்கும் முன், அறையைப் படம் எடுங்கள். மெத்தையின் இரண்டு பக்கமும், கம்பளத்துக் கறை, ஜன்னல் தாழ்ப்பாள், அடுப்பின் உட்புறம், மின்சார, எரிவாயு மீட்டர்களின் எண்கள். வீட்டுக்காரர் தரும் பொருள் பட்டியலில் விட்டுப்போனதை எழுதி, அந்தப் படங்களோடு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதியோடு சாட்சியாகிவிடும். காலி செய்யும் நாளிலும் அதே கோணங்களில் எடுங்கள். சாதாரணத் தேய்மானத்துக்கு டெபாசிட்டில் கைவைக்கக்கூடாது. வைத்தால் பாதுகாப்புத் திட்டத்திலேயே இலவசமாக முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பிடித்தம் நியாயம்தான் என்று நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர், நீங்கள் அல்ல. தொகை முடிவானதும் பத்து நாளுக்குள் பணம் வர வேண்டும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பலர் செய்யும் தவறு, விமானம் ஏறும் முன்பே லண்டன் வங்கிக் கணக்கை மூடிவிடுவது. அப்புறம் அந்த ஐந்து வார வாடகையைப் பெற மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். டெபாசிட் கணக்கில் வந்து விழுந்த பிறகு, ஊரில் இருந்தபடியே மூடிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாணவர் தங்குமிட ஆலோசனைப் பணியில் உள்ள இரு வாசகர்கள்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.